நெடுஞ்சாலைக் காவலரின் இயற்பியல்

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கை ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓரிடத்தில் காவல்துறையின் ரோந்து வண்டி நிற்கிறது. அதனருகே ஒரு காவலர், கையடக்கமான கருவியொன்றை எதிரே வரும் வண்டிகளை நோக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பேருந்தை முந்திச் சென்ற கார் அவரைக் கண்டதும் சட்டென்று வேகத்தைக் குறைக்கிறது. அவரைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் மீண்டும் பறக்கத் தொடங்குகிறது. 'அபராதத்திலிருந்து தப்பினோம்' என்று அந்தக் காரை ஓட்டுபவர் மகிழ்ந்திருப்பார்.

அவர் உண்மையிலேயே தப்பினாரா? காவலர் கையிலுள்ள கருவி எதை அளக்கிறது? "வேகத்தைத்தான்" என்பீர்கள். சரியான விடைதான், ஆனால் பாதி விடை. அந்த வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதையும் அக்கருவி மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. அந்தத் தூரம் சாலையில் இல்லாமற் போகும்போதுதான் விபத்து நிகழ்கிறது.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. இவற்றில் பத்துக்கு ஏழு என்னும் அளவிலான இறப்புகள் அதிவேகத்தால் நேர்ந்தவை எனப் பதிவாயின. அதே ஆண்டில் மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. ஆகவே இது தேர்வுக்குப் படித்து மறந்துவிடும் பாடம் அன்று.

நிற்பதற்கு வேண்டிய தூரம்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். இந்த வேகத்தில் வரும் காருக்கு முன்னே திடீரென ஒரு மாடு குறுக்கிடுகிறது. ஓட்டுநரின் கண் அதைக் காண வேண்டும். மூளை அதை இன்னதென்று அறிய வேண்டும். கால் பிரேக்கை அழுத்த வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை வினாடி ஆகிறதெனக் கொள்வோம். அந்த ஒன்றரை வினாடியில் கார் சிறிதும் வேகம் குறையாமல் 30 மீட்டர் ஓடிவிடுகிறது.

அதன் பிறகே பிரேக் வேலை செய்கிறது. உலர்ந்த நல்ல சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், காரின் எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர். நீங்கள் படித்த இயக்கச் சமன்பாட்டின்படி, வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் தூரம் கிடைக்கும். 400ஐ 14ஆல் வகுக்க, சுமார் 29 மீட்டர். ஆக, மாட்டைக் கண்ட இடத்திலிருந்து கார் நிற்கும் இடம்வரை மொத்தம் 59 மீட்டர்.

வேகத்தின் வர்க்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இதே கணக்கை மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் மொத்தத் தூரம் 22 மீட்டர். 108 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் 109 மீட்டர். வேகம் மும்மடங்காகும்போது பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஒன்பது மடங்காகிறது. மழை பெய்து உராய்வுக் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 108 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 157 மீட்டருக்கும் மேல் தேவை. அது ஒன்றரைக் கால்பந்து மைதானத்தின் நீளம்!

இரண்டு கார்கள்

இப்போது ஒரு கணக்கு. இரண்டு கார்கள் அருகருகே ஒரே திசையில் செல்கின்றன. ஒன்றின் வேகம் 72 கி.மீ.; மற்றதன் வேகம் 90 கி.மீ. சரியாக 59 மீட்டர் முன்னால் ஒரு லாரி சாலையை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்பதை இருவரும் ஒரே கணத்தில் காண்கின்றனர். முதற்கார் லாரியைத் தொடும் நிலையில் வந்து நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் எந்த வேகத்தில் மோதும்?

18 கி.மீ. வேகத்தில் என்று பலரும் விடை சொல்வார்கள். வகுப்பில் கேட்டால் எனக்கும் பெரும்பாலும் இந்த விடையே கிடைக்கிறது. 90 கழித்தல் 72 அல்லவா? ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். 90 கி.மீ. என்பது வினாடிக்கு 25 மீட்டர். ஒன்றரை வினாடியில் 37.5 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடிக்க எஞ்சியிருப்பது 21.5 மீட்டர் மட்டுமே. 25இன் வர்க்கம் 625. அதிலிருந்து 14 × 21.5 = 301ஐக் கழித்தால் 324. அதன் வர்க்கமூலம் 18. அதாவது வினாடிக்கு 18 மீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்!

முதற்காரில் வந்தவர்கள் பெருமூச்சு விட்டு இறங்குவார்கள். இரண்டாவது காரில் வந்தவர்களுக்கோ ஐந்து மாடிக் கட்டடத்தின் மேலிருந்து விழுவதற்கு ஒப்பான மோதல். வேறுபாடு வெறும் 18 கி.மீ. வேகந்தான். வேகவரம்பை மீறியவர் "கொஞ்சந்தானே கூடுதல்" என்று சொல்லும்போது காவலர் ஏன் இசைவதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எதிரொலிக்கும் அலைகள்

இனி, அவர் வேகத்தை அளக்கும் முறையைப் பார்ப்போம். ஊதிக்கொண்டே வரும் இரயில் நம்மைக் கடக்கும்போது அதன் ஊதல் ஒலி சட்டென்று தாழ்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒலி மூலம் நம்மை நெருங்கும்போது அதிர்வெண் உயர்வதாகவும், விலகும்போது தாழ்வதாகவும் நமக்குத் தோன்றும். இவ்விளைவை 1842ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்தார். 1845இல் பய்ஸ் பாலட் என்ற டச்சு அறிஞர், இரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, இசைப் பயிற்சியுள்ளவர்களைத் தரையில் நிறுத்திக் கேட்கச் செய்து இதைச் சோதித்துப் பார்த்தார்.

ஒலிக்குப் பொருந்துவது ரேடியோ அலைகளுக்கும் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் நுட்பம் வளர்ந்தது. போர் முடிந்தபின் 1947இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை, ரேடாரைக் கொண்டு சாலையில் செல்லும் வண்டிகளின் வேகத்தை அளந்து பார்த்தது. 1949இல் அந்த அளவீட்டை வைத்தே அபராதச் சீட்டும் கொடுக்கத் தொடங்கியது.

இக்கருவிகளுள் ஒருவகை, வினாடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட அலைகளை அனுப்புகிறது. 72 கி.மீ. வேகத்தில் எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், அனுப்பியதைவிட 3,220 கூடுதலாக இருக்கும். 2,415 கோடியில் 3,220ஐக் கண்டுபிடிப்பது எப்படி? வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் செய்வதைத்தான் கருவியும் செய்கிறது. ஏறத்தாழ ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலித்தால் விம்மல்கள் கேட்கும். விம்மல்களின் எண்ணிக்கை இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். கருவி தான் அனுப்பும் அலையையும் திரும்பி வரும் அலையையும் கலந்து, வினாடிக்கு 3,220 விம்மல்களை எண்ணி, அதை 72 கி.மீ. என்று மாற்றிக் காட்டிவிடுகிறது. இவையெல்லாம் ஒரு நொடிப்பொழுதில் முடிந்துவிடும்.

காவலர் சாலையின் ஓரத்தில் சற்றுச் சாய்வான கோணத்தில் நிற்பதால் பிழை நேராதா? நேரும். ஆனால் கருவி உணர்வது தன்னை நோக்கி வரும் வேகக்கூறை மட்டுமே. கோணம் 20 பாகையானால், உண்மை வேகம் 90 கி.மீ. இருக்க, கருவி 85 கி.மீ. என்றுதான் காட்டும். நின்றுகொண்டு அளக்கும்போது இந்தப் பிழை எப்போதும் ஓட்டுநருக்கே சாதகமாக அமைகிறது.

ரேடார் கற்றை தொலைவில் அகன்று விரிவதால், நெருக்கமாகச் செல்லும் பல வண்டிகளில் எது குற்றவாளி என்ற ஐயம் எழலாம். இதற்கு லேசர் கருவி உதவுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிறுசிறு துடிப்புகளாக அனுப்புகிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள காரில் பட்டுத் திரும்ப ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. அடுத்தடுத்த துடிப்புகள் மேலும் மேலும் விரைவாகத் திரும்புவதைக் கொண்டு, கார் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று கணக்கிட்டு வேகத்தைச் சொல்கிறது. லேசர் கற்றை அந்தத் தொலைவிலும் சுமார் ஒரு மீட்டர் அகலமே விரிவதால், ஒரு காரை மட்டும் குறிபார்க்கலாம்.

நாம் முதலில் கண்ட கார், காவலரைக் கண்டதும் வேகம் குறைத்ததே, அதற்கும் வழியுண்டு. 10 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை வைத்து, வண்டியின் எண்பலகையையும் கடந்த நேரத்தையும் பதிவு செய்தால் போதும். இரண்டுக்கும் இடையே 5 நிமிடமே ஆகியிருந்தால் சராசரி வேகம் 120 கி.மீ. கேமராவின் அருகில் மட்டும் மெதுவாகச் சென்று பயனில்லை.

சாலை சொல்லும் சாட்சி

விபத்து நடந்தபின்னும் காவலருக்கு இயற்பியல் துணை நிற்கிறது. சக்கரம் சுழலாமல் இறுகிச் சறுக்கும்போது டயர் சாலையில் கருங்கோடுகளை இழைக்கும். நின்றுபோன ஒரு காரின் பின்னே 45 மீட்டர் நீளமுள்ள கோடுகள் காணப்படுகின்றன என்போம். உராய்வுக் குணகம் 0.7 எனில், 14 × 45 = 630; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 25. "நான் 60இல்தான் வந்தேன்" என்று ஓட்டுநர் கூறினாலும், 90 கி.மீ. என்று சாலை சாட்சி சொல்கிறது! கணக்கில் காரின் நிறை எங்குமே வரவில்லை என்பதையும் பாருங்கள். இன்று பல வண்டிகளில் சக்கரம் இறுகாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு இருப்பதால் இக்கோடுகள் மங்கலாகவே விழும். அப்போது வண்டிகளின் நசுங்கிய அளவு, கண்ணாடித் துண்டுகள் சிதறிய தூரம் போன்றவற்றைக் கொண்டு ஆராய்கிறார்கள்.

ரோந்து வண்டியின் மற்ற வேலைகளிலும் இதே தூரக்கணக்கு ஒளிந்திருக்கிறது. குடித்திருக்கிறாரா என்று ஓட்டுநரை ஊதச் சொல்லிச் சோதிக்கிறார்களே, அது எதற்காக? மது, மூளை உணர்ந்து செயற்படும் நேரத்தை நீட்டுகிறது. ஒன்றரை வினாடி இரண்டு வினாடியாக நீண்டால், 72 கி.மீ. வேகத்தில் மேலும் 10 மீட்டர் பறிபோகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் நம் நாட்டில் அது குற்றம்.

இரவில் பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னே, நன்கு தள்ளி, ஒளிரும் முக்கோணத்தையோ கூம்புகளையோ காவலர் வைப்பதும் இதற்காகவே. தாழ்த்திய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டும் தூரம், விரைந்து வரும் கார் நிற்பதற்கு வேண்டிய தூரத்தைவிடக் குறைவு. அந்த முக்கோணத்திலுள்ள நுண்ணிய பட்டைகள், எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அதே பக்கத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே அது வெகு தொலைவிலேயே ஓட்டுநரின் கண்ணில் படுகிறது. இழந்த தூரத்தை அது மீட்டுத் தருகிறது எனலாம்.

நீங்களும் அளக்கலாம்

அடுத்த முறை பேருந்தில் செல்லும்போது கிலோமீட்டர் கற்களைக் கவனியுங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் பாருங்கள். 3,600ஐ அந்த எண்ணால் வகுத்தால் வேகம். 50 வினாடி என்றால் 72 கி.மீ.; 40 வினாடி என்றால் 90 கி.மீ.

வீட்டில் இன்னொரு சோதனை. நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும். அதன் கீழ்முனையில், சுழி எண் அருகே, அதைத் தொடாமல் உங்கள் விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட, நீங்கள் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்திருந்தால் ஆன நேரம் 0.2 வினாடி. பிறகு பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். நேரம் நீளுகிறதா என்று காணுங்கள். கைப்பேசியில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவது ஏன் ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஒருவேளை நீங்கள் விபத்து ஒன்றைக் காண நேர்ந்தால் 108க்குத் தொலைபேசி செய்யத் தயங்காதீர்கள். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்க 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. உதவியவர் தம் பெயரையும் முகவரியையும் கொடுத்தாக வேண்டுமென்று எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் ஓட்டுநர் உரிமம் பெறுவீர்கள். காவலரைக் கண்டு வேகம் குறைத்து, பின்னர் பறந்த அந்தக் காரை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். காவலரால் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. ஆனால் அவர் இல்லாத இடத்திலும் சாலையின் உராய்வுக் குணகம் அதேதான். வேகத்தின் வர்க்கமும் அதேதான்.