கணினி விழிக்கும்போதே தமிழும் விழிக்க

மணி ஒலித்ததும் எவரும் ஏவாமலே மாணாக்கர் வரிசையாக நிற்பர், தேவாரம் ஓதப்படும், வகுப்பிலே இடாப்பு அழைக்கப்படும். முன்னரே வகுத்துவைத்த ஒழுங்கின் பயன் இஃது. கணினிக்கும் இத்தகைய காலையொழுங்கு ஒன்றினை நாம் வகுத்துக் கொடுத்தல் கூடும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமிருந்து வரும் எம் மாணாக்கர் சிலர், தமிழ்க் கட்டுரை தட்டெழுத அமர்ந்து, தமிழ் விசைகள் இயங்காமையால் ஆங்கில எழுத்திலே தமிழை எழுதி முடித்ததைக் கண்டேன். பிழை பிள்ளைகளதன்று. தமிழ் உள்ளீட்டு நிரலை நாள்தோறும் ஒருவர் கையால் இயக்கவேண்டியிருந்தது. அவர் வாராத நாளில் தமிழும் வாராது.

அக்கணினிகளை இயக்குவது லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிய கட்டற்ற மென்பொருள் அது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலோடு எம்17என் தொகுதியையும் நிறுவினால், இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசையமைப்புக் கிடைக்கும். நோம் மேசைத்தளத்தில் ஐபஸ் தானே எழும். பழைய கணினிகளுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஈ போன்ற தளங்களில் நாமே அதனை எழுப்பவேண்டி வரலாம்.

கணினி தொடங்குகையில் முதலிற் கருநிரல் எழும். அது சிஸ்ரம்டி முதலிய சேவை மேலாளரை எழுப்பும். பின்னர்ப் பயனர் நுழைவார். அதன் பின்னரே மேசைத்தளம் விரியும். ஐபஸ் திரையை நாடும் நிரல். ஆதலின் அதன் கட்டளை நுழைவுக்குப் பின்னரே ஓடல் வேண்டும். அதற்குரிய இடம், பயனரின் இல்லக் கோப்புறையில் மறைந்துள்ள 'கொன்ஃபிக்' என்பதனுள் இருக்கும் 'ஓட்டோஸ்ரார்ட்' கோப்புறையாகும். 'டெஸ்க்ரொப்' என்னும் பின்னொட்டுடைய சிறு கோப்பொன்றை அங்கே வைத்து, அதன் 'எக்செக்' வரியில் கட்டளையை எழுதுக. கோப்பெழுத அஞ்சுவோர், எக்ஸ்எஃப்சிஈ அமைப்புகளில் 'செஷன் அன்ட் ஸ்ராட்டப்' பகுதியைத் திறந்து, 'ஐபஸ்-டீமன்' என்பதைச் சேர்த்தால், அக்கோப்புத் தானே உண்டாகும்.

மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, 'எக்செக்' வரி ஒரு கட்டளையை மட்டுமே ஏற்கும். பல கட்டளைகள் வேண்டுமாயின் அவற்றைத் தனி உரைநிரலில் எழுதி, அதற்கு இயங்கும் உரிமை அளித்து, அதன் முழு வழியைக் குறித்தல் வேண்டும். இரண்டாவது, மேசைத்தளம் முற்றும் விரியுமுன் கட்டளை ஓடித் தவறுமாயின், உரைநிரலின் தொடக்கத்திற் சில விநாடிகள் காத்திருக்கச் செய்க. மூன்றாவது, பொருள் விளங்காத கட்டளையைப் பிறர் தந்தார் என்பதற்காகச் சேர்த்தல் தகாது. ஒவ்வொரு நுழைவிலும் அது நம் பெயரால் ஓடும்.

இவ்வளவும் செய்யக் கால்மணி நேரம் போதும். எம் பிள்ளைகள் கணினியின் முன் அமரும்போது, தமிழ் அங்கே அழைப்புக்குக் காத்து நிற்கும் விருந்தாளியாக இராது, வீட்டுக்கு உரியவளாக முன்னரே வீற்றிருக்கும். கணினிகளைக் கொடையளிக்கும் பழைய மாணவர்கள் இச்சிறு கோப்பினையும் அவற்றில் வைத்து அளிப்பாராயின், அக்கொடை நிறைவுபெறும்.