மஞ்சள் விளக்கு எரிகிறது! காருக்கு என்ன நோய்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூரில் இருந்து ஒரு குடும்பம் காரில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெலவரப்பள்ளி அணையைப் பார்க்க வேண்டும் என்பது குழந்தைகளின் ஆசை. புளிச்சோறு பின் சீட்டில் இருக்கிறது.

பாதி வழியில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிகிறது. எஞ்சின் போன்ற ஒரு சிறு படம் அதில் தெரிகிறது.

கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் இல்லை. புகை இல்லை. ஆனால் விளக்கு மட்டும் அணையவில்லை.

போகலாமா? திரும்பலாமா? மெக்கானிக் எவ்வளவு கேட்பாரோ?

இதற்கு 'செக் எஞ்சின்' விளக்கு என்று பெயர். 'எஞ்சினைச் சோதித்துப் பார்' என்பது அதன் பொருள். எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டால் வீண் பயமும் இல்லை. வீண் செலவும் இல்லை.

எரிகிறதா? மினுக்குகிறதா?

முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். விளக்கு ஒரே சீராக எரிகிறதா, அல்லது மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரிகிறதா?

சீராக எரிந்தால், வண்டி வழக்கம்போல் ஓடினால், உடனே ஆபத்து இல்லை. நிதானமாக வீடு வந்து சேரலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப் போடக்கூடாது.

மினுக்கினால் சங்கதி வேறு. எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போகிறது. அங்கே 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' என்ற பாகம் இருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் உட்புறத்தில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் அந்தப் பாகம் பழுக்கக் காய்ந்து உருகிவிடும். புதிதாகப் போட வேண்டுமானால் பெரிய செலவு.

ஆகவே விளக்கு மினுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பத்திரமான இடம் பார்த்து ஓரமாக நிறுத்த வேண்டும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தக்கூடாது. சூட்டில் தீப்பிடித்துக்கொள்ளும்.

சிவப்பு விளக்குகள் வேறு. எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கோ, தெர்மாமீட்டர் போன்ற சிவப்பு விளக்கோ எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

விளக்கு பிறந்த கதை

இந்த மஞ்சள் விளக்கைக் கொண்டுவந்தது எது தெரியுமா? புகை!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். 1943ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் நகரத்தைப் பெரும் புகைமூட்டம் சூழ்ந்துகொண்டது. கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. எங்கிருந்து வந்த புகை என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி அங்கே அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1950ஆம் ஆண்டை ஒட்டி அவர் புகைமூட்டத்தை ஆராயத் தொடங்கினார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் சூரிய ஒளி பட்டு மாறுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்.

பிறகு சட்டங்கள் வந்தன. கார் தன் குறையைத் தானே கண்டுபிடித்து விளக்கு போட்டுக் காட்ட வேண்டும் என்ற விதி, கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து அமலுக்கு வந்தது. 1996இல் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரியான முறை ஏற்பட்டது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் இது தொடங்கியது. 2013 ஏப்ரலில் முறை இன்னும் விரிவாயிற்று. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளின்படி மோட்டார் சைக்கிள்களிலும் இந்த விளக்கு இருக்கிறது. லாரியும் மோட்டார் சைக்கிளும் தயாராகும் ஓசூரில் இந்த விளக்கை அறியாத தொழிலாளி இருக்கமாட்டார்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கருவி எதுவும் இல்லாமலே சில சோதனைகள் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எஞ்சின் ஆறிய பிறகு பானெட்டைத் திறக்க வேண்டும்.

எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய் கழன்றிருக்கிறதா? வெடித்திருக்கிறதா? ஒயர் முனை எதுவும் கழன்று தொங்குகிறதா? பாட்டரி முனைகளில் பூஞ்சை போல் வெள்ளை படிந்திருக்கிறதா?

எலியை மறக்கக்கூடாது! நிறுத்தி வைத்த வண்டியில் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிடுவது நம் ஊரில் சகஜம். கடித்த அடையாளமும் எலிப் புழுக்கையும் இருந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பெட்ரோல் டாங்கி மூடியையும் இறுக்கிப் பார்க்கலாம். காசா, பணமா?

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும்.

காரோடு பேசும் கருவி

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா? காரையே கேட்டுவிடலாம்.

காருக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சினில் பல இடங்களில் உள்ள சென்சார்கள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. குறை கண்டதும் கம்ப்யூட்டர் ஒரு குறி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது.

அந்த எண்ணைப் படிக்கும் சிறு கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சாவியை அணைத்து, கருவியை அதில் செருக வேண்டும். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் போதும். செல்போனில் குறி எண் தெரியும்.

எண் சொல்வது என்ன?

எஞ்சின் சம்பந்தமான குறி 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். அதன் பின்னே நான்கு இடங்கள் இருக்கும்.

பி 0301 என்றால் 1ஆவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி 0302 என்றால் 2ஆவது சிலிண்டர். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறிக் கோளாறு. பி 0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி 0420 என்றால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணைக் கண்டதும் பாகத்தை வாங்க ஓடுகிறார்கள்!

குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டுகிறது. மலேரியாவா, டைபாய்டா என்று அது சொல்லுமா? சொல்லாது. குறி எண்ணும் அப்படித்தான். எங்கே தேட வேண்டும் என்று காட்டும். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

பி 0171 வந்தால் பலர் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும் அதே எண்தான் வரும். பி 0420 வந்தால், புகைக் குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கன்வர்ட்டரை மாற்றுவது பணத்தை ஆற்றில் போடுவதாகும்.

இடம் மாற்றிப் பார்த்தால் தெரியும்

பி 0301 வந்தால் ஓர் எளிய வழி உண்டு. பல பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் இருக்கும். அதுதான் தீப்பொறிக்கு மின்சாரம் தருவது.

சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறிய பிறகு, 1ஆவது சிலிண்டர் காயிலை 2ஆவதில் மாட்ட வேண்டும். 2ஆவதை 1இல் மாட்ட வேண்டும். பழைய எண்ணை எழுதிக்கொண்டு, அதை அழித்துவிட்டு, சிறிது தூரம் ஓட்ட வேண்டும்.

இப்போது பி 0302 வந்தால் திருடன் அகப்பட்டான்! காயிலோடு குறையும் இடம் மாறிவிட்டது. அந்தக் காயிலை மட்டும் மாற்றினால் போதும். மறுபடியும் பி 0301 வந்தால் காயில் மேல் குற்றம் இல்லை. ஸ்பார்க் பிளக்கை அதே போல் மாற்றிப் பார்க்கலாம்.

கழற்றி மாட்டப் பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். "அண்ணே, காயிலை இடம் மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்கத் தெரிந்தாலே போதும். வாரண்டி முடியாத காராக இருந்தால் கம்பெனி சர்வீசுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

விளக்கை அணைத்தால் போதுமா?

அந்தச் சிறு கருவியிலேயே குறி எண்ணை அழிக்கும் வசதியும் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தொட்டால் விளக்கு அணைந்துவிடும். அதனால் குறை தீருமா?

கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குவதைப் பார்த்தவர்கள் பலர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, வரும் வழியில் சாக்கடை நீரையும் ஆலைக் கழிவையும் சுமந்து வருகிறது. அணையில் மிதக்கும் நுரையை வாரிவிட்டால் ஆறு சுத்தமாகிவிடாது. நுரை தெரிவது இங்கே, காரணம் மேலே!

விளக்கும் அப்படியே. குறையைத் தீர்க்காமல் எண்ணை அழித்தால் விளக்கு மறுபடியும் எரியும். குறையைத் தீர்த்துவிட்டால், சில முறை ஓட்டிய பிறகு பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன், இந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால், குறையை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கக்கூடும். காரணம் தெரியும் வரை முன்பணம் கொடுக்கக்கூடாது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் காரிலேயே இருக்கட்டும். விளக்கு எரிந்த தேதி, குறி எண், அப்போது ஏற்றமா, மழையா, பெட்ரோல் எங்கே போட்டது என்று எழுதி வைக்க வேண்டும். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை இருந்தால் அந்த வேலையை அதனிடமே ஒப்படைக்கலாம். மெக்கானிக்கிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். காருக்கு உரியவருக்குப் பணம் மிச்சம்.