மலை பேசினால் யார் கேட்பது?

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்திலும் இன்று தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. தில்லி பேசுகிறது, மலை கேட்கிறது. சென்னை பேசுகிறது, மலை கேட்கிறது. மலை பேசினால் கேட்பது யார்?

தோழர்களே! 1992 ஜூன் 20ஆம் நாளை மறந்துவிட்டோமா? சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அரூர் வட்டத்து வாச்சாத்திக்குள் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். குழந்தை குட்டிகளோடு ஊராரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அன்றும் தூர்தர்ஷன் இருந்தது. ஆனால் அந்த ஊரின் கண்ணீரை நாட்டுக்குக் கொண்டு வந்தது எந்தக் கோபுரமும் அல்ல. ஊருக்குள் நேரில் சென்று கண்ட மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள்தான். 269 பேரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்தே போயினர். உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது 2023இல். ஊருக்கு வாய் இருந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா?

“பட்டிக்காட்டுக்கு எதற்குத் தொலைக்காட்சி நிலையம்?” என்று சிரிப்பார்கள் சிலர். அவர்கள் குஜராத்தைப் பார்க்கட்டும். கேடா மாவட்டத்தில் பிஜ் என்றொரு சிற்றூர். 1975இல் அங்கே சிறு ஒளிபரப்பு நிலையம் எழுந்தது. அகமதாபாத்திலிருந்த விண்வெளி ஆய்வு நிலையத்தார் நிகழ்ச்சிகள் தயாரித்தனர். சுமார் 400 கிராமங்களில் பொதுப் பெட்டி வைத்து, ஊர் கூடிப் பார்த்தது. குறைந்தபட்சக் கூலி, சாதிக் கொடுமை, பால் கூட்டுறவு எல்லாம் அந்த மண்ணின் பேச்சிலேயே பேசப்பட்டன. கிராமத்தாரே நடித்தார்கள். யுனெஸ்கோ பரிசும் வந்தது. பரிசு பெற்றதை வளர்த்தார்களா? 1985இல் முடித்து வைத்தார்கள்!

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தில் வாச்சாத்திக்குப் பங்கு எங்கே? 2006 முதல் தொண்டு அமைப்புகள் சமுதாய வானொலி வைக்கலாம் என்றார்கள். ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டினார்கள். ஊரார் கூடித் தொலைக்காட்சி நிலையம் வைக்கவோ, தனி உரிமமே கிடையாது. தூர்தர்ஷனின் பழைய பூமிவழிக் கோபுரங்கள் 2022க்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. ஓய்ந்த கோபுரம் உழைப்பவனுக்கு உதவக் கூடாதா?

நாம் கேட்பது மூன்றே. மலைக் கிராமங்கள் சொந்தமாக நிலையம் வைக்க உரிமம் கொடு! அங்கே செய்தி சொல்லத் தடை போடாதே! 2007இல் தொடங்கிய அரசு கேபிளில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கு!

கிளைதோறும் இதைப் பேசுங்கள், தோழர்களே. வாச்சாத்திக்கு நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. அடுத்த ஊர் அத்தனை காலம் காத்திருக்கக் கூடாது.