உரிமையியல் வழக்கு

உரிமையியல் வழக்கு (சிவில் வழக்கு) என்பது சொத்து, பணம், ஒப்பந்தம் முதலியவை குறித்த தம் உரிமையை நிலைநாட்ட ஒருவர் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு ஆகும். குற்றவியல் வழக்கைப் பெரும்பாலும் அரசே நடத்தும். இதிலோ உரிமை கோருபவரே வாதி. இந்தியாவில் இதற்கான நடைமுறையை 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வகுத்துள்ளது.

தொடங்கும் முறை

வாதி தாக்கல் செய்யும் பிராதுடன் வழக்குத் தொடங்குகிறது. எதிர்த் தரப்பினர் யார், வழக்கிடும் காரணம் எப்போது எழுந்தது, வேண்டும் பரிகாரம் என்ன என்பவை அதில் இடம்பெற வேண்டும். நிலம் பற்றிய வழக்கை அந்நிலம் அமைந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே தொடுக்க வேண்டும். கடலூர் மாவட்டம் கம்மாபுரத்திலுள்ள பூர்வீக நிலத்தில் பாகம் கேட்பவர், தாம் சென்னையில் குடியிருப்பதைக் காட்டி அங்கு வழக்கிட இயலாது.

1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, கடனாகக் கொடுத்த பணத்திற்குப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள்ளும், உரிமையின் அடிப்படையில் நிலத்தை மீட்க 12 ஆண்டுகளுக்குள்ளும் வழக்கிட வேண்டும்.

வழக்கு எண்ணிடப்பட்டதும் பிரதிவாதிக்கு அழைப்பாணை செல்லும். அவர் 30 நாட்களுக்குள், மிஞ்சினால் 90 நாட்களுக்குள், எதிருரை அளிக்க வேண்டும். இவ்வரம்பு அத்தனை இறுக்கமானதன்று எனச் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 இல் கூறியது. வழக்குகள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். சாட்சி விசாரணைக்குப் பின் தீர்ப்பு வரும். வென்றாலும் நிலம் தானாகக் கைக்கு வராது. அதற்கு நிறைவேற்று மனு தனியே வேண்டும்.

நில எடுப்பு இழப்பீடு

நெய்வேலிப் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக உழவர் நிலங்கள் பெருமளவில் எடுக்கப்பட்டன. இழப்பீடு போதாது என்பவர் அதற்காக நேரடியாகப் பிராது தாக்கல் செய்ய முடியாது என்பதைப் பலர் அறிவதில்லை. 1894 ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில், நில எடுப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்தால் அவர் அதனை நீதிமன்றத்திற்கு அனுப்புவார். தீர்வம் வழங்கும்போது உடனிருந்தவருக்கு 6 வாரமே காலக்கெடு. மற்றவருக்கு அறிவிப்புப் பெற்ற 6 வாரம் அல்லது தீர்வ நாளிலிருந்து 6 மாதம், இவற்றுள் முன்னதாக முடிவது.

நீதிமன்றத்தில் அவ்வுழவர் வாதியின் நிலையிலேயே இருப்பார் என்று உச்ச நீதிமன்றம் 1988 இல் விளக்கியது. ஆகவே நிலத்தின் மதிப்பு கூடுதல் என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். அறிவிக்கை வெளியான காலத்தை ஒட்டி அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனைகளின் கிரயப் பத்திரங்கள் இதற்கு முதன்மைச் சான்று.

பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருந்து, தம்பி தங்கைகளும் இழப்பீட்டில் பங்கு கோரினால், அப்பங்கீட்டுத் தகராறும் நீதிமன்றத்திற்கே அனுப்பப்படலாம்.

1894 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2013 ஆம் ஆண்டுச் சட்டம் 2014 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997 ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு. எனவே தமக்கு வந்த அறிவிக்கை எச்சட்டத்தின் கீழ் வந்தது என்பதை நில உரிமையாளர் முதலில் பார்க்க வேண்டும். விண்ணப்பமும் கெடுவும் அதற்கேற்ப மாறும்.