சாட்சிகள் குறைகிறார்கள்

2003 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், டெர்ரா ஹோட் நகரின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு யாரோ தீ வைத்தார்கள். திமோத்தி மெக்வேயை நினைவில் கொள்ளுங்கள் என்று சுவரில் எழுதிவிட்டும் போனார்கள். ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்ற மெக்வேக்கு 2001இல் மரண தண்டனை நிறைவேறியது இதே ஊர்ச் சிறையில்தான்.

எரிந்தது ‘கேண்டில்ஸ்’ என்ற யூத இனப்படுகொலை அருங்காட்சியகம். 1995இல் அதைத் தொடங்கியவர் ஈவா மோசஸ் கோர். 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. பெற்றோரும் அக்காள்கள் இருவரும் அங்கேயே மாண்டனர். ஈவாவும் உடன்பிறந்த மிரியமும் இரட்டையர் என்பதால் மருத்துவர் மெங்கலேயின் சோதனைகளுக்கு ஒதுக்கப்பட்டார்கள், உயிர் பிழைத்தார்கள்.

நன்கொடைகள் குவிந்தன. 2005இல் அருங்காட்சியகம் மீண்டும் திறந்தது. ஆனால் மாணவர்கள் அங்கே வந்தது ஈவா பேசுவதைக் கேட்கத்தான். 2019 ஜூலை 4 அன்று, ஆஷ்விட்ஸுக்குப் பார்வையாளர்களை அழைத்துச் சென்ற பயணத்தில், போலந்தின் கிராக்கோவ் நகரில் அவர் காலமானார். அந்த இழப்பை எந்த நன்கொடையாலும் ஈடுகட்ட முடியாது.

ஒரே சாட்சியை நம்பி நிற்கும் எல்லாச் சிறு அருங்காட்சியகங்களுக்கும் இந்த நாள் வரும். தப்பியவர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் ‘கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ்’ அமைப்பின் 2025 கணக்கில் இரண்டு லட்சம் பேருக்குச் சற்றே மேல் உயிரோடு இருந்தார்கள். அவர்களின் இடைநிலை வயது 87. இதே அமைப்பு 2020இல் அமெரிக்க இளைஞர்களிடம் எடுத்த கருத்தாய்வில், அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது 63 சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. டெலிகிராம் செயலியில் இந்த இனப்படுகொலையைப் பற்றிய பொதுப் பதிவுகளில் ஏறத்தாழ பாதி, நடந்ததை மறுப்பவை அல்லது திரிப்பவை என்று 2022இல் யுனெஸ்கோ அறிவித்தது.

சாட்சிகள் இல்லாத காலத்துக்கென ஈவாவின் பதில்களை முன்கூட்டியே படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் பொருத்தமான பதிலைக் கணினி தேடி எடுத்துத் தருகிறது. அருமையான ஏற்பாடு. என்றாலும் அவர் இருந்தபோது சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் வராது. அடுத்த ஆண்டு கிளம்பும் புதுப் பொய்க்கும் செயற்கை நுண்ணறிவு வரைந்த போலிப் படத்துக்கும் பதில் சொல்ல முகாம் ஆவணங்கள், வழக்கு விசாரணைப் பதிவுகள், அவற்றைப் படித்துக் காட்டத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆசிரியர்களைச் சாட்சிகள் இருக்கும்போதே உருவாக்கியாக வேண்டும். கேட்க வேண்டியதை நேரில் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. அப்போது உயிரோடிருந்த சாட்சிகளில் பத்தில் ஒன்பது பேர் 2040க்குள் மறைந்துவிடுவார்கள் என்கிறது அதே 2025 கணக்கு.