எந்த நாள் வாசிப்புச் சிறந்தது?

மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த்திருவிழாவுக்குச் சென்று கண்டிக்குத் திரும்பும் இசையன்பர்கள், "சென்ற ஆண்டுத் தோடியா, இவ்வாண்டுத் தோடியா சிறந்தது?" என்று வாதிடுவதுண்டு. இது வீண்பேச்சன்று, நேயர்களே! இராக ஆலாபனை எழுதிவைத்து வாசிப்பதன்று; அன்றன்று பிறப்பது. ஆதலின் ஒப்பிட இடமுண்டு.

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் இசைக்குழுவும் மேடையில் கற்பனையாக விரித்து வாசித்தது. அதன் அன்பர்கள் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து, ஒரே பாடலை நாள்வாரியாக ஒப்பிட்டனர். அவர்கள் போற்றிய 1977 மே 8ஆம் நாள் கோர்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2011ஆம் ஆண்டுத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது.

நம்மவருட் சிலரோ, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியை இசைத்தட்டில் கேட்டு, இன்றைய இளங்கலைஞரை அதனோடு எடைபோடுகின்றனர். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். கோயில் வீதியில் நெடுநேரம் விரியும் இராகத்தை அதனால் அளத்தல் இருவருக்கும் நீதியாகாது.

ஒரே கலைஞரின் இரு நாள் வாசிப்பை ஒப்பிடுங்கள். எப்பிடி புதிது, தவில் எங்கே துணைநின்றது என்று காரணம் கூறுங்கள். வெறும் மதிப்பெண் மாணவனுக்குக் கற்பிப்பதில்லை, கலைஞருக்கும் அவ்வாறே.