மாமா மகளைக் கட்டினால் கம்ப்யூட்டர் குழம்புமா?

கல்யாண வீட்டில் யாரையாவது காட்டி, "இவர் நமக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்ல ஒரு பாட்டி இருப்பார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கணக்கை யார் வைத்திருப்பது? அதற்குத்தான் வம்சாவளி மென்பொருள்கள். அவை எப்படி வேலை செய்கின்றன?

எண்கள் சொல்லும் உறவு

திரையில் தெரிவது கிளை பரப்பிய மரம். உள்ளே டேட்டாபேஸில் மரம் எதுவும் கிடையாது. ஆட்களுக்கு ஒரு பட்டியல், குடும்பங்களுக்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். எந்த எண் கணவர், எது மனைவி, எவை குழந்தைகள் என்று குடும்பப் பட்டியல் சொல்லும். அவ்வளவுதான்.

'சித்தப்பா' என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. கேட்கும்போது புரோகிராம் அப்பாவின் எண்ணைப் பிடித்து, அவர் பிறந்த குடும்பத்துக்குப் போய், அவருக்கு இளைய ஆணைத் தேடி எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 'அங்கிள்' போதும். நமக்கோ அப்பா வழியா அம்மா வழியா, மூத்தவரா இளையவரா என்று பார்த்தால்தான் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் பிரியும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட 'கிராம்ப்ஸ்' என்ற இலவச மென்பொருளில், உறவுமுறைக்கென்று பல மொழிகளுக்குத் தனித்தனிப் புரோகிராம்கள் இருக்கின்றன.

எட்டுக்குப் பதில் ஆறு

சரி, மாமா மகளைக் கட்டியவர்கள்? அவர்களின் குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். படத்தில் ஒரே ஜோடி இரண்டு கிளைகளில் வரும். டேட்டாபேஸிலோ அவர்களுக்கு ஒரே பதிவுதான், போய்ச் சேர இரண்டு வழி. கம்ப்யூட்டருக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் நம்மால் வருவது. ஒரே பாட்டியை 'மீனாட்சி' என்று ஒரு முறையும் 'மீனாச்சி' என்று இன்னொரு முறையும் ஏற்றினால், அது இரண்டு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். உறவு அங்கேயே அறுந்துவிடும்.

மென்பொருள் நின்றுபோனால்?

இதுதான் பெரிய கவலை. அமெரிக்காவின் மார்மன் சபை இலவசமாகக் கொடுத்துவந்த 'பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்' 2013-ல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அதில் சேர்த்தவை வீணாகவில்லை. காரணம், அதே சபை 1984-ல் கொண்டுவந்த 'ஜெட்காம்' என்ற பொது வடிவம்.

ஜெட்காம் வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியும் 0, 1, 2 என்று படிநிலை எண்ணோடு தொடங்கும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எந்தக் கம்பெனி மூடினாலும் இன்னொரு மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். 2021-ல் வந்த 7.0 பதிப்பு முழுக்க யுடிஎஃப்-8 முறையில் இருப்பதால், தமிழ்ப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். போட்டோக்களையும் சேர்த்து ஒரே பொதியாக்கலாம்.

எனவே எந்த ஆப் என்றாலும், ஜெட்காமாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். உறவினர்களுக்கு அனுப்பும்போது உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை நீக்கிவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லாத பெயரை எந்த டேட்டாபேஸாலும் தேடித் தர முடியாது!